காலில் விழுந்த பாண்டியனும் தங்கச்சிக்கு வந்த பில்லும்

2023ஆம் வருடம், ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் தொடங்கி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. தென்காசியில் அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கி, காற்றோடு சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேலகரத்தில் இருக்கும் என் தங்கச்சி, நனையாமல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. அவுக பேர்ல கடன் இருக்காம்."

அவுக என்றால் என் மாப்பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2019 கடைசியில் தவறிவிட்டார். பைக்குள் ஒரு டைம்ஷேர் நிறுவனத்தின் கடிதம். நான்கு வருடப் பராமரிப்புக் கட்டணம் 36,000 ரூபாய். தாமதக் கட்டணம் 11,400. விடுதியைப் புதுப்பித்ததற்கு ஒரு முறைக் கட்டணம் 30,000. வாரிசு பெயருக்கு மாற்ற 6,000. ஆக மொத்தம் 83,400 ரூபாய். முப்பது நாளில் கட்டாவிட்டால் உறுப்பினர் உரிமை ரத்தாகும், பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று முடிந்திருந்தது.

கடிதத்தின் தலைப்பில் இருந்த நிறுவனப் பெயர் நாங்கள் பணம் கட்டிய காலத்துப் பெயர் அல்ல. இடையில் கை மாறியிருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கீழே நான் பெயர் சொல்லி எழுதும் எந்த நிறுவனமும் அது அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி வளையலை விற்றாவது முழுவதையும் கட்டிவிடலாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். "ஒருத்தருக்கும் ஒரு ரூவா பாக்கி வைக்காத மனுசன். செத்த பெறவு பாக்கின்னு பேர் வரக் கூடாது" என்றாள். நான் பதிவுத் துறையில் 34 வருடம் இருந்தவன். பத்திரத்தைப் பார்க்காமல் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். "பழைய ஒப்பந்தம் இருக்கா?" என்று கேட்டேன். பைக்குள்ளேயே இருந்தது. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து! 1997இல் ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டது.

அந்தக் கதை இது. திருநெல்வேலியில் ஒரு ஹோட்டலில் கூட்டம் நடந்தது. பெட்ரோல் போட்ட இடத்தில் நிரப்பிக் கொடுத்த கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்று போன் வந்தது. பரிசு ஒரு சின்ன ஃபிளாஸ்க். அதை வாங்குவதற்குள் இரண்டு மணி நேரம் ஆல்பம் காட்டிப் பேசினார்கள். ஒரு மலை ஊரில், வருடத்துக்கு ஒரு வாரம், 30 வருடம். விலை 48,000 ரூபாய், மாதம் 2,000 வீதம் 24 தவணை. அப்போது நான், "அருவிக்கரையில இருந்துக்கிட்டு வேற மலைக்கு ஏன் மாப்ளே?" என்று கேலி செய்தேன். "சீசனுக்கு நம்ம வீட்டுக்கு ஊரே வருது. நாமளும் ஒரு வாரம் எங்கயாவது விருந்தாளியா இருக்க வேண்டாமா?" என்றார். குற்றாலத்தைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த நியாயம் புரியும். ஆடி மாதம் முழுக்கப் பாயும் தலையணையும் எடுத்துப் போட்டே எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்.

முதல் வருடப் பராமரிப்புக் கட்டணம் 1,200 ரூபாய். 2019இல் அது 9,000 ஆகியிருந்தது. அவர்கள் போய் வந்தது மொத்தம் பதினோரு முறை. போன வருடங்கள் எல்லாம் நல்ல வருடங்கள்தான், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். ஒரு சொத்தை ஒருவர் வாக்குக் கொடுத்துப் பலருக்குத் திறந்துவிடுகிறார். பிறகு சொத்து கை மாறுகிறது. பராமரிப்புச் செலவை யார் கொடுப்பது? புதிதாக வந்தவர் பழைய வாக்குக்குக் கட்டுப்பட்டவரா? இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரிலேயே கல்லில் ஒரு பதில் இருக்கிறது.

தென்காசி காசி விசுவநாதர் கோவிலை 1446இல் கட்டத் தொடங்கியவர் பராக்கிரம பாண்டியர். மதுரை கையை விட்டுப் போன பிறகு தெற்கே ஒதுங்கி ஆண்ட பாண்டியர்களில் ஒருவர். அவருடைய கல்வெட்டுப் பாடல்கள் கோவிலில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கருத்து இது: இந்தக் கோவிலில் பிற்காலத்தில் ஏதாவது பழுது வந்தால், அதைச் சரிசெய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் நான் விழுந்து வணங்குகிறேன். முடி சூடிய ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒருவரின் காலில் விழுகிறார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது பணிவு என்று நினைத்தேன். பதிவுத் துறையில் வேலை பார்த்த பிறகு வேறு மாதிரித் தோன்றியது. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தன் காலத்தில் நிலம் எழுதிவைக்கலாம், அதன் வருமானத்தில் பூஜையும் விளக்கும் நடக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் தனக்குப் பின் ஆளப் போகிறவனைத் தன் கைக்காசைச் செலவு செய் என்று கட்டளையிட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். மற்ற ஊர்க் கல்வெட்டுகளில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபம் எழுதுவார்கள். சாபமும் வணக்கமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சட்டம் எட்டாத இடத்தில் மனசாட்சியைக் கூப்பிடுகின்றன.

ராஜா பயந்தபடியே நடந்தது. கோபுரம் பிளந்து மொட்டையாகிப் பல தலைமுறை அப்படியே நின்றது. என் வயதுக்காரர்கள் எல்லாரும் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடி உயரத்தில் இப்போது நிற்கும் கோபுரம் 1990இல் கும்பாபிஷேகம் கண்டது. அந்தத் திருப்பணியில் முன் நின்றவர் சிவந்தி ஆதித்தனார். ராஜா காலில் விழுந்த கணக்கு தீர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

குற்றாலத்தில் இன்னொரு உதாரணம் உண்டு. திருவிதாங்கூர் மகாராஜாக்கள் சீசனுக்கு வந்து தங்கிய அரண்மனை. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தது. குற்றாலம் ஏற்கெனவே சென்னை மாகாணத்து ஊர். திருவிதாங்கூர் என்ற ராஜ்யமே இல்லாமல் போனது. ஆனாலும் அந்த அரண்மனை இன்றும் கேரளப் பொதுப்பணித் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டியது அவர்கள். ராஜாவின் இடத்துக்கு அரசாங்கம் வந்தது. சொத்தோடு செலவும் சேர்ந்து வந்தது.

இதே கேள்வியோடு இங்கிலாந்துக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். லண்டனில் லெஸ்டர் சதுக்கத்து நடுவில் ஒரு தோட்டம். அதன் உரிமையாளர் டல்க் 1808இல் அதை விற்கும்போது, கட்டடம் கட்டாமல் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும், சுற்றியுள்ள தன் குடித்தனக்காரர்கள் நியாயமான வாடகை கொடுத்துச் சாவி வாங்கி உள்ளே போய் வரலாம் என்று எழுதி வாங்கினார். பல கை மாறி மாக்ஸ்ஹே என்பவரிடம் வந்தது. எழுதிக் கொடுத்தது நான் இல்லையே என்றார் அவர். 1848இல் தீர்ப்பு வந்தது: நிபந்தனை இருப்பது தெரிந்தே வாங்கியவர், அதை உதறிவிட முடியாது. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. நம் 1882ஆம் வருடச் சொத்து மாற்றச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் அந்தத் தீர்ப்பின் சாரம் இருக்கிறது.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றைச் செய்யாதே என்ற நிபந்தனைதான் புதிய உரிமையாளரைத் தொடரும். காசு செலவு செய் என்ற நிபந்தனை அப்படித் தொடராது. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து விற்றதில், குடிசைப் பக்கத்துக்கு மேலே இருந்த கூரையைப் பெரிய வீட்டுக்காரர் பழுது பார்க்க வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. பெரிய வீடு கை மாறியது. புதியவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பிரபுக்கள் சபை 1994இல் சொன்னது. பராக்கிரம பாண்டியர் இதை எப்போதோ தெரிந்துகொண்டுதான் காலில் விழுந்திருக்கிறார்!

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்கு இருக்கிறது. எங்கள் தங்கச்சி வழக்குக்கு அதுதான் ரொம்பப் பக்கம். லிவர்பூலில் கிரெசிங்டன் பார்க் என்று ஒரு குடியிருப்பு. 1851ஆம் வருடப் பத்திரப்படி, அங்கே மனை வாங்கியவர்கள் எல்லாரும் சாலை, சாக்கடை, கரைச்சுவர் இவற்றின் பராமரிப்புக்குத் தங்கள் பங்கைக் கொடுக்க வேண்டும். நூறு வருடம் கழித்து, வீட்டைப் பல ஃபிளாட்டுகளாகப் பிரித்தவர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று 1950இல் தீர்மானம் போட்டார்கள். அப்படி ஒரு வீட்டுக்காரர் மறுத்தார். மூலப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் வேறு யாரோ, நான் ஏன் கட்ட வேண்டும் என்றும் கேட்டார். நீதிபதி அப்ஜான் சொன்னதன் சாரம் இரண்டு. சாலையையும் சாக்கடையையும் பயன்படுத்திக்கொண்டு செலவில் பங்கு தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதே சமயம், மூலப் பத்திரம் இடம் கொடுக்காத கூடுதல் கட்டணத்தைத் தீர்மானம் போட்டு ஏற்றவும் முடியாது.

அனுபவிக்கிறவன் பங்கைக் கொடுக்க வேண்டும். ஆனால் எழுதியதற்கு மேல் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மட்டும் சாதகமாக இல்லாததால்தான் எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது.

டைம்ஷேர் இதற்கெல்லாம் பின்னால் வந்த சரக்கு. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்ற நிறுவனம், விடுமுறை வீடுகளைப் பலர் சேர்ந்து பங்காக வைத்துக்கொள்ளும் முறையைத் தொடங்கியது. 1960களிலேயே பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவொலுயி என்ற இடத்தில் வார உரிமையை விற்றார்கள். 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ வந்த பிறகு, ஓர் ஊரில் வாங்கிய வாரத்தை வேறு ஊரில் மாற்றிக்கொள்ள முடிந்தது. நம் நாட்டுக்கு 1980களில் வந்தது. சென்னையில் 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் ஹாலிடே ரிசார்ட்ஸ் கொடைக்கானல், ஊட்டி என்று நமக்குத் தெரிந்த மலைகளில் விடுதி கட்டி, நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தச் சொல்லைப் பழக்கியது. 1996இல் மஹிந்திராவும் இந்தத் தொழிலுக்கு வந்தது.

இந்த வியாபாரத்தின் உள் கணக்கைப் பாருங்கள். கோவிலுக்கு எழுதிவைத்த கட்டளையில், நிலம் ஒரு பக்கம் இருக்கும், அதன் விளைச்சல் வருடா வருடம் செலவுக்கு வரும். டைம்ஷேரில் நாம் முதலில் கொடுத்த பணம் கட்டடத்துக்கும் விற்பனைச் செலவுக்கும் போய்விடுகிறது. பெயிண்ட், மின்சாரம், சம்பளம் எல்லாம் வருடக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். கட்டடத்துக்கு வயது ஏற ஏறச் செலவு கூடும். பாதிப் பேர் கட்டாமல் விட்டால் மீதிப் பேரின் தலையில் விழும். ஆகவே கட்டணம் ஏறுவதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்வது நியாயம் இல்லை. 1997இல் எங்கள் வீட்டில் கரண்ட் பில் என்ன, இப்போது என்ன?

சண்டை பெரிதாவது உரிமையாளர் மாறும்போதுதான். பழைய முதலாளி விற்பனையில் சம்பாதித்துவிட்டுப் போயிருப்பார். புதியவர் வாங்குவது பழைய கட்டடத்தையும், குறைந்த கட்டணத்தில் நீண்ட காலம் பாக்கி உள்ள வாக்குகளையும். அவர் வருமானம் பார்க்க உள்ள வழிகளில் சுலபமானது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடம் கூடுதலாக வாங்குவது.

ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற தீவு. அங்கே பாய்ண்ட் அட் பொய்பூ என்று ஒரு விடுதி. 2007இல் சன்டெர்ரா நிறுவனத்தை டைமண்ட் ரிசார்ட்ஸ் வாங்கியபோது இதன் நிர்வாகமும் கை மாறியது. 2011இல் கட்டடத்துக்குள் தண்ணீர் இறங்கிய பழுதைச் சரிசெய்ய என்று சுமார் 6.5 கோடி டாலர் சிறப்புக் கட்டணம் விதித்தார்கள். ஒரு வார உரிமைக்காரருக்கு 5,800 டாலருக்கு மேல். பழுது உண்மைதான், ஆனால் அது முன்பே தெரிந்திருந்தால் யார் சுமப்பது என்று உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

ஸ்பெயினில் வேறு மாதிரி. கிரான் கனேரியா தீவில் ஆன்ஃபி என்ற விடுதியில் வாரம் வாங்கியிருந்த ஒரு நார்வே நாட்டுப் பெண்மணி வழக்குப் போட்டார். முடிவே இல்லாத ஒப்பந்தம் செல்லாது, 1998ஆம் வருடச் சட்டப்படி 50 வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2015 ஜனவரியில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவில்லாத ஒப்பந்தம் என்றால் முடிவில்லாத கட்டணம், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து.

நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உள்ள சட்டங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேதான் "ஓனர் மாறிட்டாங்க" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருப்பது தெரிய வரும்.

முதலாவது, கட்டடத்தையே விற்றுவிடுவது. நம் ஊர் டைம்ஷேர் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை நிலத்தில் உரிமை தருவதில்லை, தங்கிப் போக அனுமதி மட்டுமே தருகின்றன. என் 34 வருடத்தில் பதிவுக்கென்று என் மேஜைக்கு ஒரு டைம்ஷேர் பத்திரமும் வந்ததில்லை. 1882இல் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் வந்தன. 4ஆம் எண் சொத்து மாற்றச் சட்டம், 5ஆம் எண் ஈஸ்மென்ட் சட்டம். குத்தகைக்காரனாக இருந்தால், வீடு விற்கப்பட்டாலும் புதிய உரிமையாளர் அவனுடைய குத்தகையை ஏற்றே ஆக வேண்டும் என்கிறது முதல் சட்டத்தின் 109ஆம் பிரிவு. வெறும் அனுமதி பெற்றவனாக இருந்தால், சொத்தை வாங்கியவர் அந்த அனுமதிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது இரண்டாவது சட்டத்தின் 59ஆம் பிரிவு. அந்த இரண்டாவது சட்டம் முதன்முதலில் அமலான இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. இந்த நிலைமையில் உறுப்பினர் தன்னிடம் பணம் வாங்கிய நிறுவனத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நிறுவனம் அப்படியே இருக்கப் பங்குகள் மட்டும் கை மாறுவது. பெயர்ப்பலகை மாறலாம், எம்.டி. மாறலாம். சட்டத்தின் கண்ணுக்கு அது அதே ஆள்தான். பழைய வாக்கு ஒவ்வொன்றும் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைவது. ஸ்டெர்லிங்கை தாமஸ் குக் இந்தியாவோடு இணைக்கும் திட்டம் 2014 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, உயர் நீதிமன்றங்களின் ஒப்புதலோடு நடந்தது. அந்தத் தாமஸ் குக் இந்தியா 2012 முதல் கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமத்தின் கையில். அதன் தலைவர் ஹைதராபாத்தில் பிறந்த பிரேம் வத்சா. சென்னைக்காரர் ஒருவர் 1980களில் போட்ட கையெழுத்துக்கு மறுமுனையில் இருப்பவர் டொரண்டோவரை போய்விட்டார். இப்படி நீதிமன்ற ஒப்புதலோடு இணையும்போது சொத்தும் வரவும் மட்டும் போகாது. கடனும் ஒப்பந்தப் பொறுப்புகளும் திட்டத்தில் சொன்னபடி கூடவே போகும்.

சாதாரணமாக ஒப்பந்தத்தின் பலனை இன்னொருவருக்கு மாற்றலாம், சுமையை மறுபக்கத்தின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் இதைச் சொல்லியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கூடுதல் கட்டணம் என்பது புதிய சுமைதானே?

தங்கச்சியின் நிறுவனம் இரண்டாவது வகை. அதே கம்பெனி, பெயர் மட்டும் மாறியது. கடிதத்தை மறுபடி படித்தபோதுதான் அதிலிருந்த தந்திரம் தெரிந்தது. வாரிசுக்குப் பெயர் மாற்ற, "புதிய நிர்வாகத்தின் விதிகள்" என்று 6,000 கேட்டார்கள். பாக்கிக்கு மட்டும் "தாங்கள் 1997 முதல் உறுப்பினர்" என்று எழுதியிருந்தார்கள். வாங்கும்போது பழைய ஆள், கொடுக்கும்போது புதிய ஆள்.

ஒப்பந்தத்தைத் தரையில் விரித்து வைத்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். 6ஆவது ஷரத்து: பராமரிப்பு, வரி, மின்சாரம், சம்பளம் இவற்றின் உண்மையான செலவை வாரங்களுக்குப் பங்கிட்டு வருடக் கட்டணம், போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். 11ஆவது: வாரிசுக்கு மாற்ற 500 ரூபாய். 15ஆவது: நிறுவனமும் அதன் பின் வருவோரும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள். புதுப்பிப்புக் கட்டணம் என்று எங்கும் இல்லை. தாமதக் கட்டணம் என்றும் இல்லை.

தங்கச்சியிடம் சொன்னேன்: "மாப்பிள்ளை பேர்ல கடன் இருக்கறது உண்மைதான். வருசக் கட்டணம் அவர் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டது. அதை இல்லைன்னு சொல்ல நமக்கு நியாயம் இல்ல. மத்தது அவர் கடன் இல்ல, இவுக ஆசை."

அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைவிட, அவர் எதற்குக் கடன்பட்டார், எதற்குக் கடன்படவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பதில் கடிதம் ஒரு பக்கம்தான். 2021, 2022, 2023 மூன்று வருடத்துக்கும் 9,000 வீதம் 27,000 தருகிறோம். 2020இல் கொரோனாவால் விடுதி பெரும்பாலும் மூடிக் கிடந்தது. உண்மையான செலவு என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது, ஆகவே அந்த வருடக் கணக்கைக் காட்டுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறோம். பெயர் மாற்ற 500. மற்ற இரண்டுக்கும் எந்த ஷரத்து என்று எழுதுங்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடைசி வரியில், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம் என்று சேர்த்தேன்.

அது வெறும் மிரட்டல் இல்லை. 1986ஆம் வருடச் சட்டப்படி, எதிர்க்கட்சி இருக்கும் இடத்திலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் வருடச் சட்டத்தில், புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். மேலகரத்துக்காரி சென்னைக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, அதை மட்டும் மறக்கக் கூடாது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைக் கேள்வி கேட்கும் வழியும் இந்தச் சட்டத்தில்தான் முதன்முதலாக வந்தது. ஆனால் அதற்கு மாவட்ட ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு போன், ஒரு கடிதம். நல்லெண்ண அடிப்படையில் என்று எழுதியிருந்தார்கள். புதுப்பிப்புக் கட்டணமும் தாமதக் கட்டணமும் 2020ஆம் வருடக் கட்டணமும் தள்ளுபடி. 27,500 ரூபாய் கட்டினாள். வளையல் தப்பியது. 2020ஆம் வருடக் கணக்கை மட்டும் கடைசிவரை காட்டவில்லை.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. மாப்பிள்ளையோடு அன்று அதே கூட்டத்தில் சேர்ந்த இன்னொரு வாத்தியார் கடிதம் வந்த வாரமே முழுத் தொகையையும் கட்டிவிட்டார். இன்னொருவர் கோபத்தில் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டார். இப்போது அவரிடம் பணம் கட்டிய ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை, பேசவே வழியில்லை.

ஆகவே கையில் இப்படி ஒரு சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது மூன்று. கை மாறியது கட்டடமா, பங்கா, இணைப்பா என்று கேளுங்கள். கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஷரத்து எண் கேளுங்கள். நியாயமாகத் தர வேண்டியதைத் தந்துவிட்டு மீதிக்குச் சண்டை போடுங்கள். ஒன்றுமே கட்டாமல் போய் நிற்பவரைவிட, கட்ட வேண்டியதைக் கட்டியவர் பேச்சுக்கு எங்கேயும் மதிப்பு அதிகம்.

2024 மே மாதம் தங்கச்சி தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போய் வந்தாள். புது டைல்ஸ் போட்டிருக்கிறார்களாம், வென்னீர் வருகிறதாம். மாப்பிள்ளை வழக்கமாக உட்காரும் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள் என்று மட்டும் குறைப்பட்டாள். ஒப்பந்தம் 2026இல் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிப் போன் வருகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

போன வாரம் கோவிலுக்குப் போயிருந்தேன். தென்காசிக் கோபுர வாசலில் எப்போதும் போலக் காற்று ஆளைத் தள்ளியது. பராக்கிரம பாண்டியர் பின்னால் வருகிறவர்களுக்கு எழுதி வைத்ததை நினைத்துக்கொண்டேன். கூடவே, படிக்காமல் நான் போட்ட அந்தச் சாட்சிக் கையெழுத்தும் ஞாபகத்துக்கு வந்தது.